கிளி விரட்டும் கருவிக்கு லத்தீனில் ஒரு பெயர்

நான் யாரையாவது மன்னித்துவிட்டேன் என்று ஊரில் பேச்சு வந்தால் நம்பாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன், குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஆனால் எனக்கு ஒருவர் செய்தது மட்டும் அப்படியே நிற்கும். இது அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியது. கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தவர். இப்போது மலைக்குக் கீழே, மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று நடத்துகிறார். பேனர்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நான் கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக்காரி; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அப்பாவுக்குச் சாமையும் தினையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகும். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டுக் கீழே கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரமே கரும்பலகையில் ‘இன்ஃபண்டிபுலம்’ என்று எழுதினார்கள். மூளையின் அடியில் இருக்கும் ஒரு சின்னப் பாகத்துக்கு அந்தப் பெயர். அடுத்த நாள் ‘அசிட்டாபுலம்’. அதற்கடுத்த நாள் ‘ரெடினாகுலம்’. வகுப்பில் மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. மலையிலிருந்து வந்த பெண் முதல் மாதத்திலேயே பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற ஒரே வீம்பில் விடுதியில் இருந்தேன்.

நூலகத்தில் முன்னட்டை கிழிந்த ஓர் அகராதி இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் லத்தீன் சொற்களின் வால்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். விகுதி என்று சொல்ல வேண்டும். எனக்கு அவை வால்கள்தான். ‘ஏரியம்’ என்று முடிந்தால் ஒன்றை வைக்கும் இடம். அக்வேரியம் தண்ணீர் வைக்கும் இடம், ஹெர்பேரியம் உலர்த்திய செடிகளை வைக்கும் இடம், கிரானேரியம் தானியம் வைக்கும் இடம். ‘டோரியம்’ என்று முடிந்தால் ஒன்றைச் செய்யும் இடம். ஆடிட்டோரியம் என்றால் கேட்கும் இடம், அவ்வளவுதான்; நாங்கள் அதில் உட்கார்ந்து தூங்கினோம். ‘ட்ரம்’, ‘புலம்’, ‘குலம்’ என்று முடிந்தால் பெரும்பாலும் கருவி, சில சமயம் பாத்திரம். மண்ணை உழுவது அராட்ரம். அந்த ரோமாபுரிக்காரர்கள் எதைப் பார்த்தாலும் இது வைக்கும் இடமா, செய்யும் இடமா, செய்ய உதவும் சாமானா என்று கேட்டுவிட்டு வாலை ஒட்டியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பயமுறுத்திய சொற்கள் எல்லாம் கடைசியில் சட்டியும் கயிறும் களஞ்சியமும்தான். காடு கழனியில் வேலை செய்த ஜனங்கள் வைத்த பெயர்கள். அப்படியானால் இதெல்லாம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் சொல், வலது பக்கம் அப்பா. எனக்கு வேறு வழியில் எதுவும் மனப்பாடம் ஆகாது. இன்ஃபண்டிபுலம் என்றால் ஊற்றுவதற்கான கருவி, அதாவது புனல். எதிரில் எழுதினேன்: ‘என் அப்பா வாழை இலையைச் சுருட்டிப் பாட்டில் வாயில் வைத்துத் தேனை ஊற்றுவார். ஒரு சொட்டு வெளியே போகாது.’ ரெடினாகுலம் என்றால் பிடித்து நிறுத்தும் கயிறு. உடம்பில், மணிக்கட்டின் தசைநாண்களை இழுத்துப் பிடிக்கும் பட்டை. எதிரில்: ‘என் அப்பா கன்றுக்குட்டியின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். சுற்றுகிற இடமும் அதே இடம்.’ அசிட்டாபுலம் என்றால் காடி வைக்கும் கிண்ணம். உடம்பில், தொடை எலும்பின் தலை உட்கார்ந்து சுழலும் இடுப்புக் குழி. எதிரில்: ‘மிளகு பறித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது என் அப்பா இடது இடுப்பில் கை வைப்பார். வலி அந்தக் கிண்ணத்தில்தான்.’

தேர்வுக்கே வராத ஒரு சொல்லையும் எழுதி வைத்திருந்தேன். கிரெபிடாகுலம். சத்தம் எழுப்பும் கருவி, கிலுகிலுப்பை. தினை முற்றும் சமயத்தில் கிளி கூட்டமாக இறங்கும். அப்பா ஒரு கை நீள மூங்கிலை எடுத்து ஒரு முனையிலிருந்து கணு வரைக்கும் இரண்டாகப் பிளந்து வைத்திருப்பார். ஆட்டினால் பிளவின் இரண்டு பக்கமும் மோதி ‘படார் படார்’ என்று அடிக்கும். கிளி மொத்தமும் அடுத்த காட்டுக்குப் போய்விடும். நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: ‘என் அப்பா கிளி விரட்டும் மூங்கில். கணு வரை பிளவு. ஆணி கிடையாது.’

முதலில் சொன்னேனே, அவர் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்தில் நல்ல பாசன நிலம் வைத்திருந்த குடும்பம், மோட்டார் சைக்கிளில் வருவார். கெட்டவராகத் தெரியவில்லை. கேண்டீனில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார், மலைக்காரி என்று யாராவது கேலி பேசினால் அதட்டியிருக்கிறார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொய் சொல்வதாக ஆகும். அவருக்கு அந்தச் சொற்கள் நாக்கில் நிற்கவே இல்லை. கடைசி வருஷத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தார்.

“ஏனுங்க, அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க. ஒரு வாரத்துல தந்தர்றேன்.”

கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“பஸ்ல உட்டுட்டனுங்க. டிப்போ வரைக்கும் போய்த் தேடிப் பாத்துட்டேன்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் தேற்றினேன். பரவாயில்லீங்க, எனக்குத் தலையில இருக்குது என்று சொன்னேன். டிப்போவுக்கு அலைந்தாரே என்று பாவப்பட்டேன். அந்தத் தேர்வில் அவர் என்னைவிடப் பதினோரு மதிப்பெண் கூட வாங்கினார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் நோட்டுப் போனதைவிட, நான் அவரைத் தேற்றியதை நினைத்தால்தான் உடம்பு எரிகிறது.

அதற்குப் பிறகு பல வருஷம் அவரைப் பார்க்கவில்லை. நான் பி.எட். முடித்து மலைக்கே வந்துவிட்டேன். செம்மேட்டில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைகளில் ஒரு அறை கொடுத்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதும் எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு அங்கே உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். எடப்புளி நாட்டிலிருந்தும் பெரக்கரை நாட்டிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். அவர்களும் அந்தச் சொற்களைப் பார்த்து நான் விழித்த மாதிரியே விழித்தார்கள். அந்த வருஷம்தான் அப்பா இறந்திருந்தார். நினைவிலிருந்து நோட்டை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் அவரை உட்கார வைத்தேன். தினமும் சாயங்காலம் அப்படிக் கொஞ்ச நேரம் அவரோடு இருந்தேன் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

போன வருஷம், பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்று சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றின் அச்சிட்ட பக்கம். இன்னொன்று என் கையெழுத்தில் இருந்த ஜெராக்ஸ். கீழே, ‘எங்கள் மையத்தின் புத்தகத்தைப் பார்த்து எழுதித் தன் சொந்தக் குறிப்பு என்று ஏமாற்றும் டியூஷன் ஆசிரியையிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்று இருந்தது. பெயர் போடவில்லை. மலையில் டியூஷன் எடுப்பது நான் ஒருத்திதான், பெயர் எதற்கு?

மறுநாள் பள்ளியின் தலைமையாசிரியை கூப்பிட்டார். நல்ல மனுஷி. கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

“உங்களப் பத்தி எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா பெத்தவங்க கேக்கறாங்க. இது தீர்ற வரைக்கும் ரூம் வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“அது என்னோட நோட்டுங்க மேடம்.”

“அவங்க புக்கு அச்சாகி மூணு வருஷமாச்சு. உங்க ஜெராக்ஸுக்கு வயசு ஒரு வருஷங்கூட இல்ல. நான் என்னன்னு சொல்லட்டும்?”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். முதல் நோட்டு அந்த மையம் நடத்துகிறவரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஞாபகம் மட்டும். ஞாபகத்துக்கு யார் சீல் வைத்துத் தருவார்கள்? பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மாணவியின் அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்தாள். பையிலிருந்து அந்தச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, “இதானுங்களா டீச்சர் அது?” என்று நீட்டினாள். அதுவரை நான் அதைக் கையில் தொட்டதில்லை. பிரித்தேன்.

முன்னுரையில், ‘நான் ஒரு விவசாயியின் மகன். என் அப்பாவின் கைகளைப் பார்த்துத்தான் லத்தீன் கற்றேன்’ என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தேன் ஊற்றும் வாழை இலை. அதற்கடுத்து மணிக்கட்டில் சுற்றிய கன்றுக்குட்டியின் கயிறு. பிறகு, ‘மிளகு பறித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது என் அப்பா இடது இடுப்பில் கை வைப்பார்.’

என் அப்பா. அந்த இரண்டு சொற்களைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை பாருங்கள், யார் எழுதினாலும் அது என் அப்பாதான். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அவரைத் திட்டினேன். டீச்சர் வாயில் வரக் கூடாத சொற்கள் எல்லாம் வந்தன. அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவே பயந்து நின்றாள்.

பயிற்சி மைய எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று பேர் கைமாறிக் கடைசியில் அவர் வந்தார். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.  ஆனாலும் பேனரில் நிற்கிற குரலில் பேசினார்.

“லத்தீன் உங்க ஊட்டுச் சொத்துங்களா? ரெண்டாயிரம் வருஷமா இருக்கறது. ஆரு வேணும்னாலும் எழுதலாமுங்க.”

“லத்தீன நீங்களே வெச்சுக்கோங்க. எங்கப்பாவ எதுக்கு எடுத்தீங்க?”

“அதெல்லாம் ஒரு உதாரணம். விவசாயி ஊட்டுல எல்லாரும் செய்யறதுதானுங்க. வம்பு பண்ணாதீங்க, வக்கீல வெச்சு நோட்டீஸ் உட வேண்டியிருக்கும். அடுத்த ஞாயித்துக்கெழமை நாங்களே மேல வாறோம். மலைப் பிள்ளைங்களுக்கு இலவசமா புக்குக் குடுக்கறோம். நீங்களும் வந்து ஒண்ணு வாங்கிக்கோங்க.”

வாறேனுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

‘ஒரு உதாரணம்.’ அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். வக்கீலும் போலீசும் எனக்கு வேண்டாம். தாள் என்று வந்தால் அவர்தான் ஜெயிப்பார். தாளில் இல்லாதது ஏதாவது வேண்டும். புத்தகத்தை மறுபடி மறுபடி படித்தேன். நோட்டில் இருந்ததை எல்லாம் எடுத்திருக்கிறார். நோட்டில் இல்லாததை எடுக்க முடியவில்லை. அப்படி இல்லாதது என்ன என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டு வந்தேன். கிரெபிடாகுலம் வந்ததும் நின்றேன். தேர்வுக்கு வராத அந்தச் சொல்லைக்கூட விடாமல் போட்டிருந்தார். ‘என் அப்பா கிளி விரட்டும் மூங்கில். கணு வரை பிளவு. ஆணி கிடையாது.’ அந்த மூங்கிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பிளந்த பக்கத்தைப் பிடித்து வீசினால் இரண்டு பாதியும் சேர்ந்து உள்ளங்கைச் சதையைக் கவ்வும். ஒரு தடவை கடி வாங்கினால் போதும், ஆயுசுக்கும் கை தானாகக் கணுப் பக்கம் போகும். என் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. என் தம்பி கையிலும் இருக்கிறது. அறியாத ஆள் பிளந்த பக்கத்தைத்தான் பிடிப்பான், ஏனென்றால் முழுதாக இருக்கும் கணுப் பக்கம் பார்க்கத் தடியின் தலை மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் காட்டுக்குப் போய் மூங்கில் வெட்டினேன். காலை முழுக்க உட்கார்ந்து செய்தேன். அப்பா பிளந்த பிறகு உள்விளிம்பைச் சீவி மழுக்கிவிடுவார், கன்னத்தில் கின்னத்தில் பட்டுவிடக் கூடாது என்று. நான் மழுக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. தெரிந்தேதான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், பெற்றோர்கள், வாசலில் புத்தகக் கட்டுகளோடு வேன். மேடையில் அவர். உடம்பு போட்டிருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ‘இந்தப் புத்தகத்துக்குக் காரணமான என் அப்பா’ என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார்கள், பெரியவர் எழுந்து கும்பிட்டார். அவரும் வருவார் என்று எனக்குத் தெரியாது. அதிர்ஷ்டம் அன்று என் பக்கம் இருந்தது.

மகன் பேசினார். தேனைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார். கிளியைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. என் பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் அப்பாவுக்காகத்தான் அழுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கைதட்டல் ஓய்ந்ததும் நான் மூங்கிலைப் போட்டுக் கொண்டுவந்த உரச்சாக்கோடு எழுந்து மேடைக்குப் போனேன். தலைமையாசிரியை பதறிப்போய்ப் பாதி எழுந்தார். மேடையில் நின்றவரின் முகம் வெளுத்தது. ஆனாலும் அத்தனை பேருக்கு முன்னால் இறங்கு என்று சொல்ல முடியவில்லை.

“நல்லாப் பேசினீங்க” என்றேன் மைக்குக்குப் பக்கத்தில் நின்று. “அந்தக் கிளி முடுக்கறத மட்டும் எங்க பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுங்க. மூங்கில் கொண்டாந்திருக்கறேன்.”

சாக்கிலிருந்து எடுத்து நீட்டினேன். எந்த முனையையும் அவர் பக்கம் திருப்பவில்லை. நேராக, நடுவில் பிடித்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு பிளந்த பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி வீசினார்.

‘படார்’ சத்தம் வரவில்லை. அவருடைய சத்தம்தான் மைக்கில் வந்தது. மூங்கில் கீழே விழுந்தது. உள்ளங்கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். விரலிடுக்கில் ரத்தம் தெரிந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருத்தி தன்னை மறந்து கத்தினாள்.

“அய்யோ சாமி, பொளந்த பக்கத்தையா புடிப்பாங்க? கடிக்குமுங்க!”

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரே நொடியில் விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஆள் வாழ்க்கையில் கிளி விரட்டியதில்லை, விரட்டியவர்கள் வீட்டில் வளர்ந்ததும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. முன்வரிசைப் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்க அய்யா, நீங்க கிளி முடுக்கினது எந்தக் காட்டுலீங்க?”

பெரியவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நானா கண்ணு? எங்களுக்குக் கரும்பும் வாழையுமுங்க. கிளிக்கு அங்க என்ன வேலை?”

“மிளகு ஏணியில இருந்து இறங்கறப்ப உங்களுக்கு இடது இடுப்புல வலின்னு புக்குல போட்டிருக்குதுங்களே?”

“மிளகா? இடுப்பா?” என்று தன் இடுப்பைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நல்லாத்தான இருக்கறேன்.”

மறுபடி சிரிப்பு வந்தது, ஆனால் சின்னதாக. பெரியவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். மடியில் இருந்த புத்தகத்தை அப்போதுதான் முதல் தடவையாகத் திறந்தார் என்று நினைக்கிறேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.  மூன்று பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் யாரும் மூச்சுக்கூட விடாததால் எல்லோருக்கும் கேட்டது.

“ஏன்டா, இது ஆரோட அப்பன்டா?”

மகன் கையைப் பொத்திக்கொண்டு நின்றார்.  பெரியவர் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, மேல் துண்டைச் சரி செய்துகொண்டு, வாசல் பக்கம் நடந்துபோனார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மகன் புத்தகம் போட்டிருக்கிறான் என்று மலையேறி வந்த மனுஷன். அவரையும் அன்று நான் ஒரு சாமானாகத்தான் எடுத்துப் பயன்படுத்தினேன். அது எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் செய்தியை அழித்தார்கள். ‘தவறான புரிதலால் ஏற்பட்டது’ என்று இன்னொன்று போட்டார்கள். யாருடைய புரிதல் என்று போடவில்லை. அடுத்த வாரம் தலைமையாசிரியை அறைச் சாவியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரையைக் குறைத்து. சில பெற்றோர்கள் அன்று கூடத்திலேயே புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்கள், தேர்வு நெருங்குகிறதே என்று. அவர்களை நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளின் பையில் சிவப்பு அட்டை தெரியும்போது மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் கேள்வி கொஞ்சம் அதிகமாகக் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். பேனர் குரல் இல்லை. கல்லூரியில் பின் பெஞ்சிலிருந்து கேட்ட குரல்.

“தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுங்க. அத்தனை பேருக்கு முன்னாடி...”

“தனியாத்தானுங்க முதல்ல போன் பண்ணினேன். வக்கீலச் சொன்னீங்க. திருடின்னு என்னச் சொன்னதும் ஊருக்கு முன்னாடிதானுங்களே?”

 குரலை இறக்கிச் சொன்னார்.

“எங்கப்பா இப்ப என்கிட்டப் பேசறதில்லீங்க.”

“எங்கப்பாவும் என்கிட்டப் பேசறதில்லீங்க” என்றேன். “செத்து ஒரு வருஷம் தாண்டிருச்சு.”

அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. அய்யோ என்றார், மன்னிச்சிருங்க என்றார்.  அவர் அழுகிறாரா என்று கவனமாகக் கேட்டேன். அழுதிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அடுத்த பதிப்பு வருதுங்க” என்றார். “அந்த உதாரணம் எல்லாத்தையும் எடுத்துடறேன். ஒண்ணுகூட இருக்காது.”

அவர் அப்படிச் சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். எடுத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. புத்தகம் சுத்தமாகிவிடும், கூடவே அவரும்.

“எடுக்கக் கூடாதுங்க” என்றேன். “ஒரு வரியும் எடுக்கக் கூடாது. ‘என் அப்பா’ன்னு போட்டிருக்கற எடத்துல எல்லாம் ‘என்னோடு படித்த பெண்ணின் அப்பா’ன்னு மாத்துங்க. பதினேழு எடத்துல இருக்குது.”

“பதினேழு எடத்துலயுமுங்களா? முன்னுரையில ஒரு தடவை போட்டாப் போதாதுங்களா?”

“போதாதுங்க. படிக்கற பிள்ளைக ஒவ்வொரு தடவையும் உங்களப் பாத்து அது யாரு, எந்தப் பொண்ணுன்னு கேக்கோணும். நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லோணும்.”

சரீங்க என்றார். வேறு வழி இல்லை. கூடத்தில் நடந்ததை எத்தனை பேர் போனில் படம் பிடித்திருந்தார்கள் என்று அவருக்கும் தெரியும்.

போன மாதம் புதுப் பதிப்பு தபாலில் வந்தது. அட்டை இப்போது நீலம். சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போன பிறகு, அறையைப் பூட்டாமல் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். தேன் இருந்தது, கயிறு இருந்தது, இடுப்பு வலி இருந்தது, எல்லாவற்றிலும் என்னோடு படித்த பெண்ணின் அப்பா இருந்தார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். பதினாறுதான் இருந்தது. போனை எடுத்தேன்.